பிரான்சில் வரம்பற்ற முடியாட்சி எழுந்த விதம்: படித்து, புரிந்து, எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பதினான்காம் லூயியில் தொடங்கி, வெர்சாய் அரண்மனையில் தங்கி, “நானே அரசு” என்ற வாசகத்தோடு முடியும் கட்டுரைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். எழுதிய மாணவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான். படித்த வரிசைதான் தவறு. அரசரிலிருந்து தொடங்கினால், அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

நாம் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்: போதிய படையும் போதிய அதிகாரிகளும் இல்லாத ஒரு அரசகுடும்பம், சுமார் 2 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில், தன் சொல்லே கடைசிச் சொல் என்ற நிலையை எப்படி அடைந்தது? கீழே உள்ள வரிசையில் போனால் விடை தானாகக் கூடிவரும். முதுகலை மாணவர்களுக்கும் போட்டித் தேர்வுக்கு வரலாறு எடுத்தவர்களுக்கும் இதே வரிசையில்தான் சொல்லித் தருகிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிரான்சின் வெற்று வரைபடம் ஒன்று. அதில் பாரிஸ், நார்மண்டி, பிரிட்டனி, பர்கண்டி, லாங்தொக், லா ரோஷெல் ஆகியவற்றைக் குறியுங்கள். பிரிட்டனி, பர்கண்டி, லாங்தொக் மூன்றுக்கும் வேறு நிறம் தீட்டுங்கள். அவற்றுக்குச் சொந்த மாகாண மன்றங்கள் இருந்தன. அங்கே வரித்தொகையை அரசர் பேசித்தான் பெற வேண்டும். இந்த ஒரு விஷயம் கண்ணெதிரே இருந்தால், நாடு முழுவதும் ஒரே மாதிரி ஆளப்பட்டது என்ற நினைப்பு வராது.

அடுத்து, நான்கு பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை: ஆண்டு, நடந்த போர், பணம் வந்த வழி, இதில் ஆதாயம் யாருக்கு. நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். உங்கள் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

## 1. ஐந்து சொற்களை முதலில் சரிசெய்யுங்கள்

வரம்பற்ற: நம் மொழிபெயர்ப்பே இங்கே வழிதவறச் செய்கிறது. பிரெஞ்சு மூலச்சொல்லுக்கு அன்றைக்கு இருந்த பொருள், வேறு எந்த மனித அதிகாரத்துக்கும் கட்டுப்படாதது என்பது. எதையும் செய்யலாம் என்று அதற்குப் பொருளில்லை. கடவுளின் சட்டம், இயற்கைச் சட்டம், நாட்டின் அடிப்படைச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு அரசர் கட்டுப்பட்டவர்தான். பெண்வழியில் அரியணை போகாது என்பதும், அரச நிலங்களை விற்கக் கூடாது என்பதும் அந்த அடிப்படைச் சட்டங்களில் சேரும். எனவே வரம்பற்ற முடியாட்சியை எதேச்சாதிகாரத்தோடு குழப்ப வேண்டாம்.

பார்லமாங்: இதைப் பாராளுமன்றம் என்று எழுதினால் கட்டுரை அங்கேயே கவிழ்ந்துவிடும். இது உயர் நீதிமன்றம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. அரசரின் ஆணைகள் இங்கே பதிவானால்தான் செல்லுபடியாகும். பதியும் முன் ஆட்சேபம் எழுதி அனுப்பும் உரிமை நீதிபதிகளுக்கு இருந்தது. அரசரே நேரில் வந்து அமர்ந்து பதியச் செய்வதும் உண்டு. பாரிஸ் பார்லமாங்கின் எல்லை மிகப் பெரியது. மாகாணங்களில் வேறு பார்லமாங்குகளும் இருந்தன.

ஸ்டேட்ஸ் ஜெனரல்: குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்ற மூன்று பிரிவினரின் நாடு தழுவிய பேரவை. அரசர் அழைத்தால் மட்டுமே கூடும். 1614இல் கூடிய பிறகு 1789 வரை, அதாவது 175 ஆண்டுகள், அது கூட்டப்படவே இல்லை.

டெய்ல்: முக்கியமான நேரடி வரி. பிரெஞ்சு உச்சரிப்பில் ‘தாய்’ என்று வரும். தமிழில் குழம்பும் என்பதால் டெய்ல் என்றே எழுதுகிறேன். பிரபுக்களும் குருமாரும் பொதுவாக இதைக் கட்டுவதில்லை. பாரத்தில் பெரும்பகுதி உழவர்கள் தலையில்தான் விழுந்தது.

இன்டெண்டண்ட்: அரசர் நேரடியாக மாகாணத்துக்கு அனுப்பும் ஆணையர். இவரைப் பற்றி 4ஆம் படியில் விரிவாக வரும்.

## 2. பதினான்காம் லூயி தானே ஆளத் தொடங்கிய 1661இல் தொடங்காதீர்கள், 1516இல் தொடங்குங்கள்

1516இல் முதலாம் பிரான்சிஸ் அரசரும் போப் பத்தாம் லியோவும் பொலோன்யா உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆயர்களையும் பெரிய மடங்களின் தலைவர்களையும் முன்மொழியும் உரிமை அரசர் கைக்கு வந்தது. பெரிய குடும்பங்களின் இளைய மகன்களுக்குப் பதவியும் வருமானமும் கிடைக்க வேண்டுமானால் இனி அரசரின் தயவு வேண்டும். அட்டவணையின் நான்காவது பத்தியில் முதல் பதிவாக இதை எழுதுங்கள்.

1539இல் விலேர்-கொத்தரே ஆணை வந்தது. சட்ட ஆவணங்கள் இலத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும் என்றது. பங்குக் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கவும் சொன்னது. இதற்கு ஒரு வரி போதும். இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், முடியாட்சியின் கருவிகள் பல, பதினான்காம் லூயி பிறப்பதற்கு நூறாண்டு முன்பே இருந்தன என்பது புரிய வேண்டும் என்பதுதான்.

## 3. உள்நாட்டுப் போர் தந்த பயத்தை உணருங்கள்

1562 முதல் 1598 வரை கத்தோலிக்கர்களும், ஹியூகெனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளும் விட்டு விட்டுப் போரிட்டார்கள். 1572 ஆகஸ்டு 24 அன்று புனித பர்த்தலோமியு நாளில் பாரிசில் தொடங்கிய படுகொலை பல நகரங்களுக்குப் பரவியது. 1589இல் அரசர் மூன்றாம் ஹென்றியை ஒரு துறவி குத்திக் கொன்றார்.

இந்தப் படியில் புதியவர்கள் போர்களைப் பட்டியலிட்டுக் களைத்துவிடுகிறார்கள். போர்களின் பெயர்கள் நமக்குத் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் ரத்தம் பார்த்த ஒரு சமூகம், அடக்கி ஆளும் ஒரே அரசர் பரவாயில்லை என்று நினைக்கத் தொடங்கியதே நமக்குத் தேவை. அதிகாரத்தை அரசர் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். இன்னொரு பாதி, மக்கள் அதைக் கொடுக்கத் தயாராக இருந்தது.

1576இல் சட்ட அறிஞர் ஜான் போதேன் தன் குடியரசு பற்றிய ஆறு நூல்களை வெளியிட்டது இந்தச் சூழலில்தான். இறைமை, அதாவது நாட்டின் உச்ச அதிகாரம், நிரந்தரமானது, பிரிக்க முடியாதது, சட்டம் இயற்றும் உரிமையே அதன் அடையாளம் என்றார் அவர். அதே போதேன், குடிகளின் சொத்தில் அரசர் நினைத்தபடி கைவைக்க முடியாது என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். முதலாவதை மட்டும் காட்டுவது மிகப் பரவலான பிழை.

அப்புறம் அரசரானவர் நான்காம் ஹென்றி, ஹியூகெனாட்டாக இருந்தவர். 1593இல் கத்தோலிக்கராக மாறினார், 1598இல் நாந்த் ஆணையால் ஹியூகெனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமையும் அரண் சூழ்ந்த சில ஊர்களும் தந்தார். எதிரிப் பிரபுக்கள் பலரைப் பணம் கொடுத்தும் பதவி கொடுத்தும் வசப்படுத்தினார். இந்தப் பேரப் பழக்கம் பின்னால் வரும் எல்லா ஆட்சியிலும் தொடரும்.

## 4. பணக் கணக்கைப் போடுங்கள்

இதுதான் நடுத்தூண். அவசரமே வேண்டாம். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, இந்தப் படி தெளிவான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

போருக்குப் பணம் வேண்டும். டெய்ல் வரியை ஓரளவுக்கு மேல் ஏற்றினால் கலகம் வரும். பிரபுக்களிடம் கேட்க முடியாது. அதனால் அரச குடும்பம் பதவிகளை விற்றது. நீதிபதி, வரி அலுவலர், கணக்காளர் என்று ஒவ்வொரு பதவிக்கும் விலை. வாங்கியவருக்குச் சம்பளம் உண்டு, மதிப்பு உண்டு, பல பதவிகளில் வரிவிலக்கும் உண்டு. மேல்நிலைப் பதவிகளில் பிரபுப் பட்டமே கிடைத்தது.

1604இல் பௌலெத் என்ற கட்டணம் வந்தது. அதற்கு முன், பதவியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தவர் 40 நாட்களுக்குள் இறந்துவிட்டால் பதவி அரசருக்கே திரும்பிவிடும். இப்போது பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டினால் அந்தப் பயம் இல்லை. பதவி மகனுக்குப் போகும். நிலம் போல, வீடு போல, நீதிபதிப் பதவியும் குடும்பச் சொத்தானது. 1660களில் பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கொல்பேர் எடுத்த கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட பதவிகள் சுமார் 46,000 இருந்தன.

இதன் இரண்டு விளைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று, பணம் படைத்த நகரக் குடும்பங்கள் தங்கள் முதலீட்டை அரசரின் நிலைபேற்றோடு கட்டிவிட்டன. அரசு கவிழ்ந்தால் அவர்கள் சொத்தும் போகும். இரண்டு, அரசரால் அவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது. நீக்க வேண்டுமானால் பதவியின் விலையைத் திருப்பித் தர வேண்டும், அந்தப் பணம் கருவூலத்தில் இல்லை.

1635இல் ஸ்பெயினோடு நேரடிப் போர் தொடங்கியதும் இந்த முடிச்சு இறுகியது. டெய்ல் வரி இரு மடங்குக்கும் மேல் ஏறியது. வசூலிக்க வேண்டிய அலுவலர்கள் பதவியை வாங்கியவர்கள். சொந்த ஊரில் சொந்தபந்தம் உள்ளவர்கள். வேகம் வரவில்லை. அதனால் இன்டெண்டண்டுகள் வந்தார்கள். இவர்களுடையது வாங்கிய பதவியில்லை, அரசரின் ஆணைக்கடிதம். அனுப்பலாம், திருப்பி அழைக்கலாம். 1642இல் டெய்ல் மதிப்பீட்டுப் பொறுப்பு இவர்கள் கைக்குப் போனது.

விலைக்கு வாங்கிய பதவி வேறு, ஆணையின் பேரில் வந்த பொறுப்பு வேறு. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். சொல்ல முடியாவிட்டால் 6ஆம் படி புரியாது.

## 5. ரிஷ்லியூவைச் சுருக்கமாக முடியுங்கள்

1624 முதல் 1642 வரை பதின்மூன்றாம் லூயியின் முதன்மை அமைச்சராக இருந்தவர் கார்டினல் ரிஷ்லியூ. மூன்று முனைகளைக் குறித்தால் போதும். ஹியூகெனாட்டுகளின் அரணாக இருந்த லா ரோஷெல் நகரின் முற்றுகை 1628இல் முடிந்தது. அடுத்த ஆண்டு அலே ஒப்பந்தம் ஹியூகெனாட்டுகளின் படையும் கோட்டைகளும் இல்லாமல் செய்தது, வழிபாட்டு உரிமையை மட்டும் விட்டுவைத்தது. 1626இல் உள்நாட்டுக் கோட்டைகளை இடிக்க ஆணை வந்தது, பிரபுக்கள் மானத்துக்காக ஒருவரோடொருவர் மோதும் இருவர் சண்டைக்குக் கடும் தடை வந்தது. 1632இல் கலகம் செய்த மொன்மொரன்சி கோமகன் துலூஸில் தலை வெட்டப்பட்டார்.

இவரிடம் ஒரு பெரிய திட்டம் இருந்து அதை ஒவ்வொன்றாக நிறைவேற்றினார் என்று எழுதும் ஆசை வரும். அப்படி எழுதாதீர்கள். பெரும்பாலும் போர் நெருக்கடியைச் சமாளிக்க அப்போதைக்கு எடுத்த முடிவுகள்தான். 1636–37இல் தென்மேற்கில் க்ரோகாங் உழவர் கலகம், 1639இல் நார்மண்டியில் வெறுங்கால் கலகம் என்று நாடு கொதித்துக்கொண்டே இருந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

## 6. ஃப்ரோந்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

1648 முதல் 1653 வரை நடந்த ஃப்ரோந் கலகத்தை மாணவர்கள் நான்கு வரியில் முடிக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. முடியாட்சி ஏறக்குறைய உடைந்த இடம் இது. எங்கே உடைகிறது என்று பார்த்தால்தான் எதனால் ஒட்டப்பட்டது என்று தெரியும்.

புதிய அரசர் பதினான்காம் லூயிக்கு ஒன்பது வயது. ஆட்சி தாயார் ஆன் கையிலும் அமைச்சர் மஸாரின் கையிலும். பௌலெத் உரிமையைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, அதற்கு விலையாக உயர் நீதிமன்றங்கள் சிலவற்றின் நான்கு ஆண்டுச் சம்பளத்தை மஸாரின் கேட்டார். பார்லமாங்குக்கு மட்டும் விலக்குத் தந்து பிரித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் 1648 மே மாதத்தில் பார்லமாங் மற்ற நீதிமன்றங்களோடு சேர்ந்துகொண்டது. 4ஆம் படியில் பார்த்த குடும்பச் சொத்தின் மேல் கை வைத்ததால் வந்த வினை.

அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: இன்டெண்டண்டுகளைத் திரும்ப அழை, டெய்லைக் கால் பங்கு குறை, விசாரணையின்றி 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் சிறையில் வைக்காதே. அரசு பணிந்தது, பெரும்பாலான மாகாணங்களில் இன்டெண்டண்டுகள் விலக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் ப்ரூசெல் என்ற முதிய நீதிபதியைக் கைது செய்ததும் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. 1649 ஜனவரியில் அரச குடும்பம் இரவோடிரவாகத் தலைநகரை விட்டு ஓடியது.

அடுத்த கட்டம் பெரும் பிரபுக்களுடையது. போர்வீரர் கோந்தே இளவரசர் முதலில் அரசு பக்கம் நின்றார், 1650இல் கைதானார், பிறகு கலகத் தலைவரானார். நீதிபதிகளும் இளவரசர்களும் ஒரே நோக்கத்தில் இல்லை. நீதிபதிகள் தங்கள் பதவியைக் காக்க வந்தவர்கள்; இங்கிலாந்தில் 1649 ஜனவரியில் அரசரின் தலை வெட்டப்பட்ட செய்தி அவர்களையும் நடுங்க வைத்தது. 1652 அக்டோபரில் பதினான்கு வயது லூயி பாரிசுக்குள் நுழைந்தபோது நகரமே களைத்திருந்தது.

இங்கே வழக்கமான பிழை: ஃப்ரோந் தோற்றது, எனவே அரசர் எல்லோரையும் நசுக்கினார் என்று தாவுவது. உண்மையில் இரண்டு தரப்பும் பாடம் கற்றன. நீதிபதிகளின் பதவியுரிமையைத் தொட்டால் நாடு கவிழும் என்பது அரசுக்குத் தெரிந்தது. அரசர் இல்லாவிட்டால் தங்கள் சொத்துக்கும் காவல் இல்லை என்பது மேல்தட்டுக்குத் தெரிந்தது.

## 7. 1661இல் உண்மையில் மாறியது என்ன

மார்ச் 9 அன்று மஸாரின் இறந்தார். மறுநாள், இனி முதன்மை அமைச்சர் இல்லை, நானே ஆள்வேன் என்று 22 வயது லூயி அறிவித்தார். மேல்மட்டக் குழுவில் தாயாருக்கும் இளவரசர்களுக்கும் இடமில்லை. லெ தெல்லியே, லியோன், ஃபூக்கே ஆகிய மூவர்தான். செப்டம்பரில் நிதித் தலைவர் ஃபூக்கே கைதானார். அந்த இடத்தைக் கொல்பேர் பிடித்தார்.

கொல்பேர் டெய்லைக் குறைத்து மறைமுக வரிகளை ஏற்றினார். 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தவரும் அவரே. பத்தாண்டு கழித்து பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியது அந்தக் கம்பெனிக்காகத்தான். 1667இல் உரிமையியல் நடைமுறைக்கும் 1670இல் குற்றவியல் நடைமுறைக்கும் நாடு தழுவிய சட்டத் தொகுப்புகள் வந்தன.

1673ஐத் தனியாகக் கோடிடுங்கள். பார்லமாங் முதலில் ஆணையைப் பதிய வேண்டும், ஆட்சேபத்தைப் பிறகு சொல்லலாம் என்று அந்த ஆண்டு விதிக்கப்பட்டது. உரிமை ஒழிக்கப்படவில்லை, பல் பிடுங்கப்பட்டது. பதவிகளோ சொத்தாகவே தொடர்ந்தன.

படை பெருகியது. லெ தெல்லியேயும் அவர் மகன் லூவுவாவும் சம்பளம், தானியக் கிடங்கு, ஆய்வு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார்கள். 1690களில் ஏட்டளவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தார்கள். ஒரு காலத்தில் சொந்தப் படையோடு கலகம் செய்த பிரபுக்கள் இப்போது அரசரின் படையில் தளபதிப் பதவிக்கு வரிசையில் நின்றார்கள்.

## 8. வெர்சாயை அதன் இடத்தில் வையுங்கள்

அரசவை வெர்சாய்க்கு நிரந்தரமாக மாறியது 1682 மே மாதத்தில். நாம் மேலே பார்த்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அதனால் வெர்சாய் காரணம் என்று எழுதாதீர்கள், விளைவு என்று எழுதுங்கள். பிரபுக்களில் மிகச் சிறு பகுதியினரே அங்கே வாழ்ந்தார்கள். ஓய்வூதியமும் பதவியும் அங்கேதான் பகிரப்பட்டன என்பதால் பெரிய குடும்பங்கள் கண்ணில் படும் தூரத்தில் நின்றன. இரண்டு பத்திக்கு மேல் இதற்குக் கொடுக்க வேண்டாம்.

## 9. ஒரு மாகாணத்தில் சோதித்துப் பாருங்கள்

பாரிசிலிருந்தே முழுக் கதையையும் சொல்வது எளிது, அதனால்தான் தவறு. லாங்தொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாகாண மன்றம் ஒழிக்கப்படவில்லை. அரசருக்கு ‘விருப்பக் கொடை’ என்ற பெயரில் தொகை தர அது ஆண்டுதோறும் கூடியது. முன்பு நீண்ட பேரம் நடக்கும். 1670களுக்குள் கேட்ட தொகை உடனே நிறைவேறும் நிலை வந்தது. வசூலான பணத்தில் கணிசமான பங்கு ஆயர்கள், பிரபுக்கள், வசூல் குத்தகைக்காரர்கள், பதவிக்காரர்கள் கைகளுக்கே திரும்பியது. பணிவுக்குப் பயன் கிடைத்தது.

1666இல் தொடங்கி 1681இல் திறக்கப்பட்ட மிதி கால்வாய் இதற்கு அருமையான உதாரணம். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் சுமார் 240 கிலோமீட்டர். கட்டியவர் ரிக்கே, உப்பு வரிக் குத்தகைக்காரர். பணம் அரசரிடமிருந்தும் மாகாண மன்றத்திடமிருந்தும் அவரிடமிருந்தும் வந்தது. மூன்று கைகளும் சேர்ந்த இந்த ஒரு வேலை, ஆட்சி எப்படி நடந்தது என்பதை எந்த விளக்கத்தையும்விட நன்றாகக் காட்டும்.

மறுபக்கமும் வேண்டும். 1675இல் முத்திரைத்தாள் வரிக்கு எதிராகப் பிரிட்டனி கொதித்தெழுந்தது. படை வந்து அடக்கியது. ரென் நகரின் பார்லமாங் வான் என்ற சிற்றூருக்குத் துரத்தப்பட்டு 1690 வரை அங்கேயே இருந்தது. பேரம் முறிந்த இடத்தில் படை வரும்.

## 10. வழிபாட்டு ஒருமையையும் எல்லைகளையும் சேருங்கள்

1685 அக்டோபரில் நாந்த் ஆணை ரத்தானது. அதற்கு முன்பே குதிரைவீரர்களை ஹியூகெனாட்டுகளின் வீடுகளில் தங்கவைத்து மதம் மாற நெருக்கினார்கள். ஏறக்குறைய 2 லட்சம் பேர் ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மானிய நாடுகள் என்று தப்பி ஓடினார்கள். கைத்தொழில் போனதை மட்டும் எழுதி நகராதீர்கள். சொந்த வீட்டில் சொந்த வழிபாடு குற்றமான மக்களின் துயரம் அது. கத்தோலிக்கப் பெரும்பான்மையும் குருமாரும் இதை வரவேற்றார்கள் என்பதையும் அட்டவணையின் நான்காவது பத்தியில் எழுதுங்கள்.

எல்லைகள் வெளிப்படும் இடம் பணம்தான். 1695இல் தலைவரி, 1710இல் பத்தில் ஒரு பங்கு வரி. இரண்டும் பிரபுக்களையும் தொட்டன. அதனாலேயே முழுமையாக வசூலாகவில்லை. 1715 செப்டம்பர் 1 அன்று லூயி இறந்தார். மறுநாளே பாரிஸ் பார்லமாங் அவர் உயிலின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென ஒதுக்கி, சிறுவனான புதிய அரசர் சார்பில் ஆளும் பொறுப்பை ஒர்லெயான் கோமகனுக்குத் தந்தது. பதிவுக்கு முன் ஆட்சேபிக்கும் உரிமையையும் சில நாட்களில் திரும்பப் பெற்றது.

## 11. எழுதி முடித்த பின் செய்யும் சோதனை

“நானே அரசு” என்ற வாசகம் உங்கள் கட்டுரையில் இருந்தால் அடித்துவிடுங்கள். 1655இல் பார்லமாங்கில் சொன்னதாகக் கதை. அக்காலப் பதிவு எதுவும் இல்லை.

‘நசுக்கினார்’, ‘ஒழித்தார்’ என்ற சொற்கள் வரும் இடங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த நிறுவனம் உண்மையில் மறைந்ததா, பலம் மட்டும் குறைந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி.

கடைசியாக, உங்கள் ஃப்ரோந் பத்தியைப் படியுங்கள். அதற்கு முன் எங்கேயும் பௌலெத் என்ற சொல் வராமலே அந்தக் கலகம் வெடித்திருந்தால், 4ஆம் படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி எழுதுங்கள்.